‘இதில் நீதி என்ன?’ என்று கேட்கும் மகள்

கேள்வி: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகனுக்கும் (வயது 7) மகளுக்கும் (வயது 13) கதை சொல்வது வழக்கம். மாமனாரும் வந்து உட்கார்ந்துகொள்வார். சில மாதங்களாக மௌலானா ரூமி, முல்லா நஸ்ருதீன் என்று இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகளான சூஃபிகளின் கதைகளைச் சொல்லி வருகிறேன். கதை முடிந்ததும் மகன் “அப்புறம்?” என்கிறான், மகள் “இதில் நீதி என்ன?” என்கிறாள், மாமா உடனே தத்துவ விளக்கத்தில் இறங்கிவிடுகிறார். பிள்ளைகளுக்கு ஒரு விதமாகவும் பெரியவர்களுக்கு வேறு விதமாகவும் சொல்ல வேண்டுமா? நாங்கள் இஸ்லாமியர் அல்லர். சமயச் செய்திகளை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லலாமா? எவற்றிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரே கதையை, ஒரே சொற்களில், மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். இந்தக் கதைகள் பல தரத்து மனிதர்கள் கூடியிருந்த சபைகளில் புழங்கியவை. டெல்லியில் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவ்லியா தம்மை நாடி வந்தவர்களிடம் பேசியவற்றை, அவருடைய சீடரான கவிஞர் அமீர் ஹசன் 1308 முதல் 1322 வரை குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைப் படித்தால், ஒருவர் கேள்வியோடு வந்து அமர்வதும், அதற்கு விடையாக ஒரு சிறு கதை எழுவதும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

ரூமி பாரசீக மொழியில் இயற்றிய மஸ்னவி என்னும் நெடுங்கவிதையில், அதன் 6 நூல்களில் முதலாவதில் வரும் வணிகரும் கிளியும் கதையை எடுத்துக்கொள்வோம். பாரசீகத்து வணிகர் ஒருவர் இந்தியாவுக்குப் புறப்படும்போது, வீட்டில் உள்ளவர்களிடமெல்லாம் என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்கிறார். கூண்டிலிருக்கும் கிளியிடமும் கேட்கிறார். “எனக்கு ஒன்றும் வேண்டாம், அங்குள்ள கிளிகளைக் கண்டால், உங்களை எண்ணி ஏங்கும் ஒரு கிளி என் கூண்டில் இருக்கிறது, அது உங்களிடம் வழி கேட்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்” என்கிறது கிளி. அவர் அப்படியே சொல்ல, கேட்ட கிளிகளில் ஒன்று நடுங்கி, கீழே விழுந்து, மூச்சடங்கிப் போகிறது. ஏன் சொன்னோம் என்று வருந்திக்கொண்டே ஊர் திரும்பும் வணிகர், தம் கிளி விடாமல் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறார். அதைக் கேட்டதும் இந்தக் கிளியும் நடுங்கி விழுந்து விறைத்துப் போகிறது. அவர் கதறுகிறார், அழுது தீர்த்தபின் அதை எடுத்துக் கூண்டுக்கு வெளியே போடுகிறார். கிளி விருட்டென்று பறந்து உயரமான கிளையில் போய் உட்காருகிறது. “என் குரலின் இனிமைதான் என்னைக் கூண்டில் வைத்திருக்கிறது, செத்தவளைப் போல் ஆனால் விடுதலை கிடைக்கும் என்று அவள் தன் செயலால் எனக்குச் சொல்லி அனுப்பினாள்” என்கிறது. வணிகர் கோபிக்கவில்லை. “போய் வா, எனக்கும் ஒரு புது வழியைக் காட்டினாய்” என்று வாழ்த்தி அனுப்புகிறார்.

இதைச் சொல்லும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஓரிடம்தான். முதல் கிளி விழும்போதும் இரண்டாவது கிளி விழும்போதும் அது நடிப்பு என்று குரலிலோ கண்ணிலோ காட்டிவிடாதீர்கள். மகன் கண் கலங்கினால் கலங்கட்டும். “பயப்படாதே, அது சாகவில்லை” என்று முந்திக்கொண்டு ஆறுதல் சொன்னால், கிளி கிளையில் போய் உட்காரும்போது அவனுக்கு வரவேண்டிய மகிழ்ச்சியை நாமே பறித்தவர்களாவோம். தந்திரம் பலித்துவிட்டது என்ற அந்த மகிழ்ச்சி 7 வயதுக்குப் போதுமானது. அதில் குறை எதுவும் இல்லை. மாமாவுக்கோ, சாவதற்கு முன்பே ‘நான்’ சாக வேண்டும் என்று சூஃபிகள் வழிவழியாகச் சொல்லிவரும் உபதேசம் அதே கிளியில் தெரியும்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். பள்ளிப் பாடத்தில் கதையின் கீழே ‘நீதி’ என்று ஒரு வரி அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளை அப்படிக் கேட்பது இயல்பு. விடையாக ஒரு வரியைக் கொடுத்தால், அவள் அதை நினைவில் வைத்துக்கொண்டு கதையை மறந்துவிடுவாள். அதற்குப் பதிலாக நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த வணிகர் கிளியிடம் உயிராக இருந்தாரே, அப்புறம் ஏன் அதைக் கூண்டில் வைத்திருந்தார்?” அன்பு செலுத்தும் வீட்டுக்குள்ளேயே கட்டுப்பாடுகளை உணரத் தொடங்கும் 13 வயதுப் பெண்ணுக்கு அது வெறும் கிளியைப் பற்றிய கேள்வியாக இருக்காது. அவள் சொல்லும் விடை உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கம் சொல்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. ரூமியே கதையை நடுவழியில் நிறுத்திவிட்டுப் பல பக்கங்கள் விளக்குவார், அந்த விளக்கத்திலிருந்து இன்னொரு கதைக்குப் போவார், பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்புவார். ஆனால் அவருடைய விளக்கம் கேட்பவரின் யோசனையை மேலும் கிளறிவிடும். நம் பாடநூல் நீதியோ அதை அங்கேயே முடித்துவிடும். கதை தானியம் அளக்கும் ஒரு மரக்கால், பொருள் அதிலிருக்கும் தானியம் என்கிறார் அவர். அறிவுள்ளவர் தானியத்தை எடுத்துக்கொள்வார், மரக்காலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்றும் சொல்கிறார். பெரியவர்களுக்கு அது சரிதான். சிறு பிள்ளைக்கு இப்போதைக்கு மரக்கால் கையிலிருந்தால் போதும் என்பேன்.

சமயச் செய்திகளை நீக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ரூமி 1207இல் பிறந்து 1273இல் கொன்யா நகரில் மறைந்தவர்; மதரஸாவில் பாடம் நடத்திய மார்க்க அறிஞர். குர்ஆன் வசனங்களும் நபிமொழிகளும் மஸ்னவியின் இழைகளாகவே ஓடுகின்றன. அவற்றை உருவிவிட்டு, எந்த ஊருக்கும் எந்த நெறிக்கும் சேராத ஒரு பொதுவான ஞானியாக அவரைக் காட்டும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அது அவருக்கும் நியாயமில்லை, நம் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. எடுத்துக்காட்டாக, மூஸா நபியும் (பைபிள் சொல்லும் மோசே) ஆட்டிடையனும் கதையைச் சொல்லுங்கள். “இறைவா, நீ எங்கே இருக்கிறாய்? உன் தலையை வாரிவிடுகிறேன், செருப்பைத் தைத்துத் தருகிறேன், பேன் பார்க்கிறேன், பால் கொண்டுவருகிறேன்” என்று வேண்டிக்கொண்டிருந்த இடையனை மூஸா நபி கடிந்துகொள்கிறார், அவன் மனமுடைந்து பாலைவனத்துக்குள் போய்விடுகிறான். “என் அடியானை என்னிடமிருந்து ஏன் பிரித்தாய்? நீ சேர்க்க வந்தவனா, பிரிக்க வந்தவனா?” என்று இறைவனின் கேள்வி வருகிறது. நபியின் பெயரையும் இறைவனின் குரலையும் எடுத்துவிட்டால் இதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பெரியபுராணம் தெரிந்த உங்கள் மாமாவுக்குக் கண்ணப்பரும் சிவகோசரியாரும் உடனே நினைவுக்கு வருவார்கள். அந்தக் கதையை அவரே அடுத்த இரவு சொல்லட்டும். உங்கள் ஊரிலேயே சூஃபி ஞானி நத்தர்வலியின் தர்கா இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அங்கு அழைத்துப்போனால், இந்தக் கதைகளைச் சொன்னவர்களின் வழிவந்தவர்கள் காவிரிக்கரைக்கும் வந்து வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

இருட்டறையில் யானை என்ற கதையில் ஒரு நுட்பம் உண்டு. நம்மிடையே இது பார்வையற்றவர்களின் கதையாகவே வழங்குகிறது. ரூமி சொல்வதில் அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் தொட்டுப் பார்த்து, தும்பிக்கை நீர்க்குழாய், காது விசிறி, கால் தூண், முதுகு சிம்மாசனம் என்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்று முடிக்கிறார். பார்வையற்றவர்களை அறியாமைக்கு அடையாளமாக்காத இந்த வடிவத்தையே நான் விரும்புகிறேன். மின்விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னால் உங்கள் மகன் மறக்க மாட்டான்.

தேர்வில் கவனம் தேவை. மஸ்னவி முழுவதும் பிள்ளைகளுக்கானது அல்ல. முதல் கதையிலேயே ஒரு பொற்கொல்லர் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறார். சில பகுதிகள் மிகப் பச்சையானவை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நிக்கல்சன் அவற்றை லத்தீனில் எழுதி வைத்தார். ஆகவே எதையும் நீங்கள் முதலில் முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மகனுக்கு முல்லா நஸ்ருதீன் குறையவே மாட்டார். பழைய உடையில் விருந்துக்குப் போய் மதிக்கப்படாமல், நல்ல அங்கி அணிந்து திரும்பி வந்து, “சாப்பிடு அங்கியே” என்று அதற்குச் சோறூட்டும் கதையை நடித்தே காட்டலாம். மகளுக்கு, ஒரு கையில் தீயும் மறு கையில் தண்ணீருமாகப் ஈராக்கின் பஸ்ரா நகரத் தெருவில் ஓடிய பெண் சூஃபி ராபியாவின் கதையைச் சொல்லுங்கள். சொர்க்கத்தை எரிக்கவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன் என்று அவர் ஏன் சொன்னார் என்பதை அவளே யோசிக்கட்டும். விடுமுறை மாதத்துக்குப் பாரசீகக் கவிஞர் அத்தார் சொன்ன பறவைகளின் கதை இருக்கிறது. தங்கள் அரசனான சீமுர்கைத் தேடிப் புறப்படும் முன் ரோஜாவை விட முடியாத புல்புல், தண்ணீரை விட முடியாத வாத்து, பாழ்மனைப் புதையலை விட முடியாத ஆந்தை என்று ஒவ்வொன்றும் சாக்குச் சொல்லும். இரவுக்கு ஒரு பறவை போதும். 7 பள்ளத்தாக்குகளைக் கடந்து சேரும் 30 பறவைகள் அங்கே யாரைக் கண்டன என்பதைக் கடைசி நாள்வரை சொல்லாமல் வைத்திருங்கள்.

மாமாவைத் தடுக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். “மாமா, பிள்ளைகள் தூங்கிய பிறகு எனக்குச் சொல்லுங்கள், நான் கேட்க வேண்டும்” என்று உண்மையாகவே சொல்லுங்கள். அவருக்குத் தாயுமானவர் பாடல்களில் பற்று இருந்தால், குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக் கண்ணிகளை வாங்கிக் கொடுங்கள். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடிப் போற்றிய சூஃபி அவர். மாமா அவற்றை உரக்கப் படிக்கத் தொடங்கினால், பிள்ளைகள் தூங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.