வகுப்பறைக் கேள்வி–பதில்: யார் எழுதினார், யார் அழித்தார்?

கேள்வி: தரம் 9 பிள்ளைகளுக்கு, ஐந்து பேருக்கு ஒரு கூகிள் டொக்ஸ் ஆவணம் என்று குழு ஒப்படை கொடுத்தேன். நான் எழுதியதை அவன் அழித்துவிட்டான் என்று தினமும் ஒரு வழக்கு. இரண்டு பேர் எட்டியும் பார்க்கவில்லை. யார் எவ்வளவு செய்தார் என்று பார்த்துப் புள்ளி போட முடியுமா?
– ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: பார்க்கலாம் டீச்சர். பார்த்ததை நம்பிப் புள்ளி போடலாமா என்பதுதான் பிரச்சினை.

அழித்த வழக்கை முதலில் முடிப்போம். கணினியில் ஆவணத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் வேர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து என்ன மாறியது என்று நிறம் பிரித்துக் காட்டும். அவசரப்பட்டு, முழு ஆவணத்தையும் பழைய பதிப்புக்குத் திருப்பும் ரெஸ்டோரை அமுக்கிவிடாதீர்கள். ஒருவரின் பந்தி திரும்பி வரும், அதற்குப் பிறகு மற்ற நால்வரும் எழுதியது ஆவணத்திலிருந்து போய்விடும். பழைய பதிப்பிலிருந்து அந்தப் பந்தியை மட்டும் கொப்பி எடுத்து ஒட்டினால் போதும்.

சரி, புள்ளிக்கு வருகிறேன். நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் சூடு ஒரே அளவில்லை அல்லவா, அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு குழுவை அனுப்பினேன். ஹிஸ்டரியைப் பார்த்தால் முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒரே பிள்ளையின் பெயர். மற்ற நால்வரையும் எழுப்பி நிறுத்தி நன்றாக ஏசிவிட்டேன். இடைவேளையில் ஒருத்தி வந்து, “சேர், எங்கட வீட்டில டேட்டா இல்ல. அவள்ட போன்லதான் எல்லாரும் எழுதினம்” என்று கொப்பியை நீட்டினாள். நனைந்து சுருங்கிய தாளில் ஏழு கிணறு, ஏழு எண், மூன்று விதக் கையெழுத்து. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆவணத்தில் முதலில் ஓர் அட்டவணை போட்டு, ஆளுக்கொரு கட்டம் பெயரோடு கொடுத்துவிடுவேன். அடுத்தவர் கட்டத்தில் திருத்தம் சொல்ல வேண்டுமென்றால், மாற்றத்தை யோசனையாக மட்டும் காட்டும் சஜெஸ்டிங் முறையில்தான். உரியவர் ஏற்கும்வரை பழைய எழுத்து அங்கேயே இருக்கும், வழக்கும் குறையும். லிங்க் வைத்திருக்கும் எவரும் எழுதலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கணக்கில் நுழையாதவர்கள் ஏதாவதொரு விலங்கின் பெயரில் வந்து நிற்பார்கள். பெயரில்லாத கரடி ஒன்று எழுத்துப்பிழை விடுவதை வகுப்பே பார்த்துச் சிரிக்கும், அது யாரென்று ஹிஸ்டரியும் சொல்லாது.

புள்ளியை வாயால் கேட்டுத்தான் போடுகிறேன். குழுவுக்கு ஐந்து நிமிடம். ஒவ்வொரு பிள்ளையிடமும் தன் கட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். சேர்ந்து வேலை செய்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு பேர் எட்டிப் பார்க்கவில்லை என்றீர்களே, அவர்கள் வீட்டில் போன் இருக்கிறதா என்று நாளைக்குக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து.