ஆர்-134ஏ நிரப்பியும் நிற்கவில்லையா? கசிவை முதலில் பிடியுங்கள்

நண்பரே, திருவொற்றியூரில் உங்கள் பழைய கான்டெஸ்ஸா கார் ஏசியில், ஆர்-12 என்ற பழைய குளிர்வாயுவுக்குப் பதில் ஆர்-134ஏ வாயுவை நிரப்பி, இரண்டே மாதத்தில் குளிர்ச்சி போய்விட்டது என்கிறீர்கள். மறுபடி வாயுவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் ஏசி குழாய் இணைப்புகளைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கசிவைத் தடுக்கும் பழைய கறுப்பு ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தட்டையாக நசுங்கி, நகத்தால் அழுத்தினாலும் பதியாமல் இறுகியிருந்தால் குற்றவாளி அதுதான். எல்லா இணைப்புக்கும் ஆர்-134ஏவுக்கு ஏற்ற எச்.என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் ரிங் போடுங்கள். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பச்சை நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பச்சையெல்லாம் அந்த ரப்பர் அல்ல. பூட்டும் முன் எண்ணெய் தடவ வேண்டும், உலர்ந்த ரிங் முறுக்கிக்கொள்ளும். ஹோஸ் மாற்றினால் உள்ளே நைலான் அடுக்கு உள்ளதாகப் பாருங்கள். வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்கு எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய் ஊற்றுங்கள், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாக வேண்டும்.

கடற்கரை ஊர் வேறு. வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ் வரிசையில் உப்பு அரித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கேயும் ஓட்டை இருக்கக்கூடும். கம்ப்ரசர் கிளட்ச்சின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்ப்ரசர் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பின் (ஷாஃப்ட் சீல்) கசிவு அங்கேதான் தெரியும்.

பிறகு நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரைச் சோதனை. பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி (வேக்குவம்) அரை மணி நேரம் மூடி வைத்தால் அழுத்தமானியின் முள் நகரக் கூடாது. "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை மாற்றிவிடுங்கள். ஆர்-12க்குக் குறித்திருந்த எடையில் 80 முதல் 90 சதவீதம் ஆர்-134ஏ நிரப்பினால் போதும்.