பிரேசர் மலையில் தென்னைமரமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு மூன்று குடும்பமாகப் பிரேசர் மலை போகிறோம், மொத்தம் பதினான்கு பேர். முகநூலில் நான்கு அறை பங்களா ஒன்று கிடைத்தது. இரண்டு இரவுக்கு 900 வெள்ளி (ரிங்கிட்). பாதிப் பணத்தை இன்றே அனுப்பச் சொல்கிறார்கள். சுற்றுலா வரி தனியாம், அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. படம் இணைத்திருக்கிறேன். கட்டலாமா?
- வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு தென்னைமரம், குலை குலையாகக் காய். பிரேசர் மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் தென்னை இப்படிக் காய்க்குமா? தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ கடலோர வீட்டுப் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து அந்த வரி. 2017-இல் வந்த சுற்றுலா வரி வெளிநாட்டவருக்குத்தான். மலேசியக் குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் அதைக் கட்டத் தேவையில்லை. நான்கு அறை, இரண்டு இரவு என்ற கணக்கில் 80 வெள்ளி சும்மா போயிருக்கும். சேவை வரி வேறு விஷயம். பதிவு பெற்ற ஹோட்டல்கள் அதை நம்மிடமும் வாங்கலாம், ரசீதில் தெரியும்.

வேறு பங்களா பார்த்தால், உரிமையாளரை வீடியோ காலில் கூப்பிட்டு வாசலிலிருந்து சமையலறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மோசடிப் புகார் வந்த வங்கிக் கணக்குகளைக் காட்டும் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அவர் தரும் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அதில் புகார் இல்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. கணக்கு போன வாரம் திறந்ததாகவும் இருக்கலாம். ஒருவேளை ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997-க்கு உடனே அழையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். 5 வெள்ளிக் கட்டணம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். நல்ல வழிதான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே! முகநூல் புனைபெயருக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? உண்மையான பங்களாக்காரர் அறை தராமல் ஏமாற்றினால் அங்கே போங்கள்.

அப்புறம், மலை மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. வழியில் உள்ள கோல குபு பாரு ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.