சுருக்க ஊசி: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். நெற்றிக் கோட்டுக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் போடும் ஊசியைப் பற்றி நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். முகம் பார்த்துக் கேட்கத் தயங்கியவர்கள் எழுதி அனுப்பினார்கள். ஒரே மாதிரி வந்ததை ஒன்றாக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

மேலூர், பள்ளி ஆசிரியை, வயது 46: டாக்டர், பொட்டு வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் '11' என்று எழுதினாற்போல் கோடு விழுந்திருக்கிறது. "மிஸ் எப்பப் பார்த்தாலும் கோபமா இருக்காங்க" என்கிறார்கள் பிள்ளைகள். போடாக்ஸ் போட்டால் போகுமா? அது விஷம் என்று வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. சரியாகப் பதப்படுத்தாமல் டப்பாவில் அடைத்த உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சுதான் இது. ஆனால் அளவு மிக மிகக் குறைவு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வந்தால்தான் தசை சுருங்கும். அது வெளியே வருவதை இந்த மருந்து தடுக்கிறது. போட்ட இடத்துத் தசை மூன்று நான்கு மாதம் சும்மா இருக்கும், அதனால் மேலே தோலும் மடியாது. நரம்பு முனை மெல்லத் தேறியதும் பழையபடி ஆகிவிடும்.

இது அழகுக்காக வந்த மருந்தும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தினார். மாறுகண்ணுக்கும், கண் தானாக இறுக மூடிக்கொள்ளும் இமை இழுப்புக்கும் 1989இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் காரதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை இழுப்புக்கு ஊசி போட்டபோது புருவ நடுக்கோடு மறைவதைக் கவனித்தார். அவர் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இரண்டு பேரும் சேர்ந்து 1992இல் அதை எழுதினார்கள். புருவ நடுக்கோட்டுக்கு அமெரிக்க அனுமதி வந்தது 2002இல்தான்.

உங்களுக்குப் போகுமா என்றால், கண்ணாடி முன்னால் முகத்தைத் தளர்த்திக்கொண்டு பாருங்கள். புருவத்தைச் சுளித்தால் மட்டும் கோடு வருகிறதா, நன்றாகவே மறையும். சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிறதா, மங்கும், முழுசாகப் போகாது. இதை முன்னாடியே சொல்லாத டாக்டரிடம் கொஞ்சம் யோசித்துப் போங்கள்.

கே.கே. நகர், வயது 38: தெரிந்த பார்லரில் பாதி விலைக்குப் போடுகிறார்களாம். "அதே மருந்துதான்க்கா" என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். எனக்கு வரும் கேள்விகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மருந்து குப்பியில் பொடியாக வரும், 50 யூனிட், 100 யூனிட் என்று. 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன் சலைன் கலந்து கரைப்பார்கள். கரைத்தபின் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடச் சொல்கிறது குப்பியோடு வரும் குறிப்பு. நம் ஊர் சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப் போய் வரும் பிரிட்ஜில், போன வாரம் கரைத்து வைத்தது உங்கள் நெற்றிக்கு வந்தால் அது வேலை செய்யாமலே போகலாம். அது கூடப் பரவாயில்லை, பணம்தான் நஷ்டம். போலி மருந்தாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. 2004இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மனிதருக்குப் போட அனுமதியே இல்லாத நச்சைச் சுருக்கத்துக்குப் போட்டதில் நான்கு பேர் பொட்டுலிசம் (இந்த நச்சு உடம்பில் பரவித் தசைகளை முடக்கும் நோய்) வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2024இலும் அங்கே பல மாநிலங்களில் போலி ஊசியால் பாதிப்பு வந்து அரசே எச்சரித்தது. அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே அப்படி.

இன்னொரு தந்திரமும் உண்டு. சலைனை அதிகம் ஊற்றி நீர்க்க வைத்துவிட்டு, "இத்தனை ஊசி போட்டோம்" என்று கணக்குக் காட்டுவார்கள். ஊசி எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. எத்தனை யூனிட் என்று கேளுங்கள். புருவ நடுவுக்கு வழக்கமான அளவு, போடாக்ஸ் என்ற பிராண்டில், ஐந்து இடத்தில் சேர்த்து 20 யூனிட். அதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்ட் என்றால் 50 யூனிட். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றில்லை. "அங்கே 50 யூனிட் போட்டாங்க, நீங்க 20தான் போடுறீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

போடுகிறவர் மருத்துவப் படிப்பு முடித்துப் பதிவு செய்த டாக்டராக இருக்க வேண்டும். பெயரைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். குப்பியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். லேபிளில் பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நகைக்கடையில் ஹால்மார்க் பார்க்காமலா தோடு வாங்குகிறோம்?

திருமங்கலம், வயது 51: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். எத்தனை நாள் முன்னால் போட்டுக்கொள்ளணும்?

மூன்று நான்கு வாரம் முன்னால். இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலன் இரண்டு வாரத்தில். எங்கேயாவது சமமில்லாமல் இருந்தால் அப்போது சரிசெய்ய நேரம் கிடைக்கும், ஊசி பட்ட இடத்தில் நீலம் பாரித்திருந்தாலும் ஆறிவிடும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து நிற்காதீர்கள்.

போட்ட அன்று முகத்தைத் தேய்க்க வேண்டாம். ஃபேஷியல், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல், விபூதியை அழுத்திப் பூசுவது எல்லாம் மறுநாளைக்கு. நான்கு மணி நேரம் படுக்கவோ குனியவோ வேண்டாம் என்போம். கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் அன்றைக்கு ஒத்திப்போடலாம். இதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, ஆனாலும் காசு செலவில்லாத ஜாக்கிரதை. ஸ்டிக்கர் பொட்டு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம்: ஒரு தடவை போட்டு நிறுத்திவிட்டால் முன்பைவிட மோசமாகச் சுருங்குமாமே?

இல்லை. பழைய நிலைக்குத்தான் வரும். நான்கு மாதம் வழவழப்பாகப் பார்த்துப் பழகின கண்ணுக்கு மோசமானதுபோல் தெரியும்.

அண்ணா நகர், வயது 55: எனக்கு நெற்றியில் ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடுதான் கவலை.

அதற்கு இந்த ஊசி பொதுவாகப் போடுவதில்லை. அங்கே போடுவது ஃபில்லர், பெரும்பாலும் ஹயலூரோனிக் ஆசிட். தசையைத் தளர்த்துகிற வேலையில்லை, பள்ளத்தை நிரப்புகிற வேலை. ஆபத்தும் வேறு. தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போய்விடலாம். இரண்டையும் "போடாக்ஸ்" என்றே சொல்லி விற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சோழவந்தான்: நாத்தனாருக்கு ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. ஒரு கண் இமை தொங்கிவிட்டது. அழுதுகொண்டே இருக்கிறார்.

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், நிரந்தரமில்லை. மருந்து கொஞ்சம் கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையைத் தொட்டிருக்கும். சில வாரத்தில் தானாகச் சரியாகும். அதுவரை இமையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தக் கண் சொட்டு மருந்து உண்டு, கண் டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஊசி போட்டவரிடமும் கட்டாயம் சொல்லணும்.

ஆனால் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு விஷயம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன ஊசி, என்றைக்குப் போட்டது என்று சொல்லுங்கள், குப்பியின் படம் இருந்தால் காட்டுங்கள். மருந்து உடம்பில் பரவினால் வரும் அறிகுறிகள் இவை. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம்.

பெயர், ஊர் எழுதாதவர்: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், போடலாமா?

பால் கொடுத்து முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் போடுவதில்லை. மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. ஜென்டமைசின், அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஓடிக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும், அவை இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு நீலம் பாரிக்கலாம், அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உசிலம்பட்டி, ஆண், வயது 27: சுருக்கம் இல்லை மேடம், வியர்வை. மாட்டுத்தாவணியில் பஸ் இறங்குவதற்குள் அக்குளிலிருந்து இடுப்பு வரை சட்டை நனைந்துவிடுகிறது. பெண் பார்க்கப் போகவே கூச்சம். இதற்கும் இந்த ஊசிதான் என்றார்கள்.

உண்மைதான், தம்பி. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பிலும் அதே அசிட்டைல்கோலின்தான். அக்குளுக்கு 2004இலேயே அமெரிக்க அனுமதி வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு 50 யூனிட், பலருக்கு ஆறு மாதம்போல் தாங்கும். முகத்தைவிட மருந்து அதிகம், செலவும் அதிகம். அதனால் முதலில் அலுமினியம் குளோரைடு கலந்த லோஷனை, ராத்திரி காய்ந்த அக்குளில் தடவிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும். உள்ளங்கைக்கும் போடலாம், ஆனால் நன்றாக வலிக்கும், கொஞ்ச நாள் விரல் பிடி தளரும். ஸ்பேனர் பிடிக்கிற வேலை, பூக் கட்டுகிற வேலை செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.

எடை திடீரென்று குறைந்து, படபடப்போடு வியர்த்தால் முதலில் தைராய்டு பாருங்கள்.

தல்லாகுளம், வயது 42: ஊசி வேண்டாம், கிரீமிலேயே "போடாக்ஸ் பலன்" என்று விற்கிறார்களே?

பூசினால் இந்த மருந்து தசை வரை இறங்காது. அந்தக் காசுக்கு நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல். ஸ்கூட்டரில் போகும் பெண்கள் பலருக்குக் கண்ணோரம் சுருங்குவது வெயிலில் கண்ணை இடுக்குவதால். கறுப்புக் கண்ணாடி போட்டாலே பாதி வேலை முடிந்தது. ராத்திரிக்கு டிரெட்டினாயின் கிரீம் மெல்லிய கோட்டைக் குறைக்கும், டாக்டர் சொல்லி மட்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மெடிக்கலில் சும்மா வாங்கி மாதக்கணக்கில் தடவும் "சிவப்பழகு" டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலையே மெலிய வைத்துவிடும். சுருக்கத்தைவிட அதைச் சரிசெய்வதுதான் எனக்குப் பெரிய பாடு.

வாடிப்பட்டி, பாட்டி என்று கையெழுத்து: இந்தக் கிருமி தேனிலும் இருக்குமாமே? அப்போ நெற்றியில் தேன் தடவினால் சுருக்கம் போகுமா?

போகாது பாட்டி. தேனில் சில சமயம் இருப்பது கிருமியின் விதை மட்டும், தோல் மேல் அது ஒன்றும் செய்யாது. ஆனால் நல்ல இடத்தில் கேட்டீர்கள். ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் அந்த விதை முளைத்து நச்சைச் சுரக்கும். பிள்ளை பால் குடிக்கத் திணறும், அழுகை மெலியும், கை கால் துவளும். பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூட வேண்டாம்.