கூலி அங்கயே நிக்குது, சாமான் மட்டும் ஏறுது: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல முக்காவாசி காசு கேள்விதான். ஒரே மாதிரி இருந்தத விட்டுட்டு அஞ்சு மட்டும் எடுத்திருக்கேன். பேரு போட வேணாம்னு எல்லாருமே சொல்லியிருக்காங்க, அதனால ஊர் மட்டும்.

கேள்வி: அக்கா, நான் ராமநாதபுரம் டவுன்ல ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ்ல நிக்கிறேன். 2021ல சேரும்போது 9,000 ரூபா, இன்னைக்கும் அதே 9,000. தீபாவளிக்கு ஒரு சேலையும் 500 ரூபாயும் குடுத்தாக. எங்க வீட்டுக்காரரு மீன் பிடிக்க போட்டுக்கு போறாக. 2025 அக்டோபர்ல விலைவாசி உயர்வு கால் சதவீதத்துக்கு வந்துருச்சு, இம்புட்டு குறைஞ்சதே இல்லன்னு டிவில சொன்னாக. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் 20ஆம் தேதியே கை காலியாகுது? எனக்கு செட்டா குடும்பம் நடத்த தெரியலன்னு மாமியார் சொல்றாக.
- தங்கச்சிமடம் வாசகி

பதில்: மொதல்ல இந்த பக்கத்த மாமியார்கிட்ட படிச்சு காட்டு தங்கச்சி. உனக்கு செலவு பண்ண நல்லாவே தெரியும், கடைக்காரருக்குத்தான் சம்பளம் ஏத்த தெரியல.

டிவில சொன்னது பொய் இல்ல, ஆனா அது என்னன்னு யாரும் விளக்கி சொல்றது கிடையாது. அந்த கால் சதவீதம் விலை குறைஞ்ச கணக்கு இல்லம்மா, ஏறுற வேகம் குறைஞ்ச கணக்கு. 2024 அக்டோபர்ல இருந்த விலையோட 2025 அக்டோபர் விலைய வச்சு பாக்குறாங்க, அந்த 2024 அக்டோபர்ல காய்கறி அதுக்கு முந்துன வருஷத்த விட 42 சதவீதம் ஏறிக்கெடந்துச்சு, தக்காளி வெங்காயம் வாங்குனவங்களுக்கு மறந்திருக்காது. அவ்வளவு ஒசரத்துல இருந்து காய்கறி இறங்குனதுல மொத்த கணக்கும் இறங்கி தெரிஞ்சுச்சு. ஆனா அதே வருஷம் தேங்கா எண்ணெய் விலை எங்க ஏறிப் போச்சு? அது சராசரிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு.

இப்ப உன் சம்பளத்துக்கு வருவோம். சர்க்கார் கணக்குப்படியே 2022-23ல விலைவாசி 6.7 சதவீதம் ஏறுச்சு, அடுத்த வருஷம் 5.4, அதுக்கடுத்து 4.6. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதால மூணு வருஷத்துல மொத்தம் பதினேழரை சதவீதத்துக்கு மேல. நீ 2021ல 9,000க்கு வாங்குன அதே சாமானுக்கு 2024-25ல ஏறக்குறைய 10,580 வேணும். ஓனர் உன் சம்பளத்துல ஒரு ரூபா கூட பிடிக்கல, ஆனாலும் மாசம் 1,500 ரூபாய்க்கு மேல உன்கிட்ட இருந்து போயிருக்கு, அத நீ மளிகைல குறைச்சு, பால்ல குறைச்சு, சில பேரு ராத்திரி சோத்துல குறைச்சு சரிக்கட்டுறீங்க. வீட்டுல யாரு குறைச்சு சாப்பிடுறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ரேஷன்ல 30 ரூபா துவரம்பருப்பு, 25 ரூபா பாமாயில், 1,000 ரூபா உரிமைத்தொகை, டவுன் பஸ்ல காசில்லாம போறது, இதெல்லாம் இருக்குறதாலதான் நீ 20ஆம் தேதி வரைக்குமாவது ஓட்டுற. இத நான் குறையா சொல்லல. ஆனா சம்பளத்துல விழுந்த ஓட்டைய சர்க்கார் அடைச்சுக்கிட்டே இருக்கு, ஓட்டைய போட்டவரு ஏசி ரூம்ல உக்காந்திருக்காரு.

கடை வேலைக்கு குறைஞ்சபட்ச சம்பளம்னு தமிழ்நாடு அரசு ஒரு தொகை வச்சிருக்கு, அடிப்படை சம்பளத்தோட பஞ்சப்படியும் சேத்து, அந்த பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி விலைவாசிய பாத்து மாத்துவாங்க. தீபாவளி சேலை பஞ்சப்படி ஆகாது தங்கச்சி. தொழிலாளர் துறை ஆபீஸ்ல இந்த வருஷ தொகை என்னன்னு கேளு, ஒத்தையா போகாத, கூட நிக்கிற நாலு பேர கூட்டிட்டு போ, ஒருத்திய நிப்பாட்டுறது சுலபம் அஞ்சு பேர நிப்பாட்டுறது கஷ்டம். அப்புறம் கடைல 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவ காப்பீடு, இருக்கணும். உன் 9,000க்கு உன் பங்கு மாசம் 68 ரூபாதான், ஓனர் பங்கு 300க்கு உள்ள. நம்ம ஜனங்க வட்டிக்கு போய் விழறது பெரும்பாலும் ஆஸ்பத்திரி செலவுலதான், அதனால சம்பள உயர்வுக்கு முன்னாடியே நான் இத கேட்க சொல்வேன்.

(கடைல உக்கார நாற்காலி போடணும்னு 2021லயே சட்டம் வந்துச்சே, உங்க கடைல இருக்கா? அடுத்த லெட்டர்ல எழுது.)

கேள்வி: ராமேஸ்வரத்துல விசைப்படகுல கூலிக்கு போறேன். மீன்பிடி தடைக்காலம் 61 நாள், நிவாரணம் 8,000 ரூபா. முன்னாடியே சேத்து வச்சுக்கிட்டா என்னன்னு எல்லாரும் அறிவுரை சொல்றாங்க. எதுல சேக்குறது அக்கா? தம்பி நாட்டுப்படகு வச்சிருக்கான், அவனும் வியாபாரிகிட்ட 60,000 அட்வான்ஸ் வாங்கித்தான் ஓட்டுறான், வட்டி இல்லாத காசுன்னு சொல்றான். நானும் அப்படி வாங்கலாமா?
- ராமேஸ்வரம் வாசகர்

பதில்: சேத்து வைன்னு சொல்றவங்க மாசச் சம்பளக்காரங்களா இருப்பாங்க. வாரத்துல திங்க, புதன், சனின்னு மூணு நாள்தான் கடலுக்கு போறீங்க, காத்து கடுவலா இருந்தா கடலுக்கு போக மீன்துறை டோக்கன் கிடையாது, இலங்கை நேவி பிடிச்சுட்டா அடுத்த நாள் ஸ்ட்ரைக், இதுக்கு நடுவுல போன நாள்லயும் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழிச்ச பிறகுதான் கைக்கு காசு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டான், இறால் ஏத்துமதி ஆட்டம் கண்டுச்சு, போட்டுல வலை இழுக்குற உங்களுக்கு அந்த முடிவுல என்ன பங்கு?

தடைக்காலம் 2001ல ஆரம்பிச்சப்ப 45 நாள், 2017ல 61 ஆச்சு. 8,000த்த 61ஆல வகுத்துப் பாருங்க, நாளுக்கு 131 ரூபா, அதுவும் ஆளுக்கு இல்ல குடும்பத்துக்கு. 2025-26ல நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டுல நாளுக்கு 336 ரூபா கூலி. மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு தொழில நிப்பாட்டுறது நியாயம்தான், எனக்கு அதுல மாத்துக்கருத்து இல்ல, ஆனா அந்த நியாயத்தோட செலவ வலை இழுக்குறவன் தலைல கட்டுறாங்க.

சேமிப்பு நிவாரணம்னு ஒண்ணு இருக்குல்ல, 1,500 நீங்க கட்டினா மத்திய மாநில அரசு பங்கு சேத்து 4,500ஆ வரும், அதுல சேந்திருக்கீங்களான்னு பாருங்க. மீனவ பெண்களுக்கும் தனியா உண்டு. இந்த அளவுக்கு திருப்பி குடுக்குற சீட்டு எந்த ஊர்லயும் கிடையாது, அத விட்டுட்டு வேற எதுலயும் போடாதீங்க.

இப்ப தம்பி கதை. "வட்டி இல்லாத காசு"ன்னு சொன்னாரா? உக்காருங்க, கணக்கு போடுவோம். அட்வான்ஸ் குடுத்த வியாபாரிக்குத்தான் நண்டு போடணும், வெளில கிலோவுக்கு என்ன ரேட் போனாலும் அவரு 30 ரூபா கம்மியாத்தான் எடுப்பாருன்னு வைங்க. நாளுக்கு 10 கிலோன்னா 300 ரூபா போச்சு. மாசம் 15 நாள் கடலுக்கு போனா 4,500. 60,000க்கு மாசம் 4,500ன்னா நூத்துக்கு ஏழரை வட்டி, மாச வட்டி! கந்துவட்டிக்காரன் கூட யோசிப்பான். அதோட முதல் அப்படியே 60,000மா நிக்கும், எடை போடும்போது அரை கிலோ தள்ளுறது தனி. பேங்க்ல நகைய வச்சா வருஷத்துக்கே 9, 10 சதவீதம்தான். வியாபாரிய கெட்டவருன்னு சொல்ல வரல, அர்த்த ராத்திரில பிள்ளைக்கு காச்சல்னா கதவ தட்டுனா காசு குடுக்குறது அவருதான், பேங்க் மேனேஜர் குடுக்க மாட்டாரு. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏற்பாடு காலங்காலமா ஓடுது.

தம்பிய கிசான் கிரெடிட் கார்டு கேட்க சொல்லுங்க. விவசாயிக்கு மட்டும்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க, 2018-19ல இருந்தே மீனவருக்கும் உண்டு, 2 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், ஒழுங்கா கட்டினா 4 சதவீதம்தான் விழும். பேங்க்ல நாலு தடவை அலைய விடுவாங்க, அஞ்சாவது தடவை சொசைட்டி தலைவரோட போங்க. நீங்க? கூலிக்கு போறவரு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கினா நல்ல போட்டுக்கு மாற முடியாது, அதனால வேணாம்னுதான் சொல்வேன்.

கேள்வி: லாத்தா, கீழக்கரை பக்கம் தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், சம்பளம் 14,500. மே மாசம் சம்பளம் கிடையாது. பிஎஃப்ன்னு 3,480 பிடிக்கிறாங்க. ஏழைன்னு சொல்லவும் முடியல, வசதின்னு சொல்லவும் முடியல. ஜிஎஸ்டி குறைச்சாங்களே, எனக்கு எதுவுமே மிச்சமாகலயே?
- கீழக்கரை வாசகி

பதில்: 3,480ஆ? நில்லுங்க டீச்சர், ஜிஎஸ்டி அப்புறம். 14,500க்கு 12 சதவீதம் 1,740, அதுதான் உங்க பங்கு. அதே அளவு நிர்வாகம் அவங்க கைல இருந்து போடணும், அத உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது, சட்டத்துல தெளிவாவே இருக்கு. ரெண்டு பங்கையும் உங்ககிட்டயே பிடிக்கிறாங்க, அப்ப வருஷத்துக்கு 20,000 கிட்ட அவங்களுக்கு மிச்சம். அதுக்கும் மேல, பிடிச்சத கட்டுறாங்களான்னே தெரியாது. உமங் ஆப்ல உங்க யூஏஎன் நம்பர (பிஎஃப்க்குன்னு உங்களுக்கு குடுத்த நம்பர்) போட்டு பாஸ்புக்க இன்னைக்கே பாருங்க, மாசா மாசம் உங்க பங்கும் நிர்வாகத்தோட பங்கும் ஏறியிருக்கணும். ஏறலன்னா பிஎஃப் ஆபீஸ்ல ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம். சம்பள ஸ்லிப் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் வாயத் திறங்க.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து குறைஞ்சது உண்மை, சோப்பு, பேஸ்ட், ஷாம்பு 18ல இருந்து 5க்கு வந்துச்சு. மாசம் 600 ரூபாய்க்கு இதெல்லாம் வாங்குறீங்கன்னா மிச்சம் 66 ரூபா, அதுவும் கடைக்காரர் முழுசா குறைச்சா. வீட்டு வாடகை, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், மூட்டை பிரிச்சு விக்கிற அரிசி, மீன் இதுக்கெல்லாம் முன்னாடியும் ஜிஎஸ்டி கிடையாது, அப்ப குறைக்க என்ன இருக்கு? உங்க காசு போறதே அதுலதான. தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு வரிய முழுசா எடுத்துட்டாங்க, அது ஒண்ணுதான் உங்கள மாதிரி நடுவுல நிக்கிறவங்களுக்கு கொஞ்சம் பிரயோஜனம்.

கரண்டு பில்லையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ட தாண்டிட்டா ஸ்லாப்பே மாறி, முன்னாடி மலிவா போட்ட யூனிட்டுக்கும் சேத்து ஏறிரும்.

கேள்வி: மூணு குழுல லோன் எடுத்திருக்கேன் அக்கா. ஒண்ண அடைக்க இன்னொண்ணு. வீட்டுக்கு மொத்த வருமானம் மாசம் 16,000 வரும், தவணை மட்டும் 9,500. வசூலுக்கு வர்றவரு காலைல 7 மணிக்கே வந்து வாசல்ல உக்காந்துக்கிறாரு, பக்கத்து வீட்டு பொம்பளைங்கள விட்டு திட்ட வைக்கிறாரு.
- உச்சிப்புளி வாசகி

பதில்: ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதிப்படி, வருஷம் 3 லட்சத்துக்குள்ள வருமானம் உள்ள குடும்பத்துக்கு குடுக்குற இந்த மாதிரி லோன்ல, எல்லா கடனோட தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாது. உனக்கு பாதி 8,000. மூணாவது லோன் குடுத்தவன் இத பாக்காமதான் குடுத்திருக்கான், தப்பு அவன் மேல. வசூலுக்கு காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வரக்கூடாது, அக்கம்பக்கத்த விட்டு அசிங்கப்படுத்துறதும் கூடாது. கட்டாய வசூல தடுக்க தமிழ்நாட்டுலயே 2025ல தனிச்சட்டம் வந்துருச்சு. வந்து உக்காந்தா மணியோட சேத்து வீடியோ எடு. 14448க்கு போன் பண்ணி ரிசர்வ் பேங்க்ல எப்படி புகார் குடுக்குறதுன்னு கேளு, தமிழ்லயே பேசலாம்.

ஒரே ஒரு விஷயம், நாலாவது குழுக்காரன் வருவான். சிரிச்சுக்கிட்டே வருவான், ஆதார் கார்டு மட்டும் போதும்பான். கார்ட எடுத்து பீரோல வச்சு பூட்டு.

கேள்வி: கடக்கரைல பொறந்து வளந்துட்டு நல்ல மீன் வாங்கி திங்க முடியல. ஏன் லாத்தா?
- பெரியபட்டினம் வாசகர்

பதில்: நல்ல மீன் உங்களுக்காக பிடிக்கல தம்பி. நண்டு, இறால், கணவாயெல்லாம் கரைக்கு வந்த உடனே கம்பெனி வண்டிக்கு போயிருது, சீலாவும் வாவலும் பெட்டில ஐஸ் போட்டு வெளியூருக்கு. மிச்சம் இருந்த பொடி மீனாவது நமக்கு கெடைச்சுச்சு, இப்ப அதையும் சங்காயம்னு மொத்தமா அள்ளி கோழித்தீவனத்துக்கு அனுப்புறாங்க, அப்புறம் அந்த கோழிய நாம கிலோ 200க்கு மேல குடுத்து வாங்குறோம். சூடையும் சாளையும் இன்னும் கைக்கு எட்டுற விலைலதான் கெடக்கு, கரைவலை இழுக்குற இடத்துக்கு நேரா போனா இன்னும் மலிவு. ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க.