400 சிசி பைக் போகப் போகச் சலித்துவிடுமா? நேராக 650க்கே போய்விடலாமா?

ஏற்காட்டு ரோட்டில் சலிக்கவே சலிக்காது. சென்னைக்குப் போகும் உளுந்தூர்பேட்டை ரோட்டில் அவ்வப்போது 650 மேல் கண் போகும். வாரநாளில் சேலத்துக்குள் வேலை, ஞாயிறு ஏற்காடு, எப்போதாவது சென்னை, பெங்களூரு என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட என் ஓட்டமும் அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பீட் 400. கூடப் படித்த நண்பன் ஒருவனிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, மச்சானிடம் அதே கம்பெனியின் கிளாசிக் 350. மூன்று பேரும் சேர்ந்து மலையேறினால் பாதி வழியில் சாவியை மாற்றிக்கொள்வது வழக்கம்.

முதலில் இந்த சிசி மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ளுங்கள். ஸ்பீட் 400 என்பது 398 சிசி (என்ஜின் கொள்ளளவு), 40 பிஎஸ் பவர், 37.5 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை), எடை 180 கிலோவுக்குள். இன்டர்செப்டர் 648 சிசி, 47 பிஎஸ், 52 நியூட்டன் மீட்டர், 217 கிலோ. பவரை எடையால் வகுத்துப் பாருங்கள், சின்ன வண்டிதான் ஒரு இழை முன்னால் நிற்கும். கிளாசிக்கோ 349 சிசியில் 20 பிஎஸ், 195 கிலோ. ஷோரூமில் 350ஐயும் 400ஐயும் ஒரே வரிசையில் நிறுத்தி விற்கிறார்கள், ஆனால் நிஜமான பள்ளம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. 650 தருவது கூடுதல் வேகம் என்பதைவிட இரண்டு சிலிண்டரின் நிதானம். எந்த கியரில் இருந்தாலும் ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் இழுக்கும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மேலே போனால் 20 கொண்டை ஊசி வளைவு. 650ஐ அதில் செகண்ட் கியரில் போட்டுவிட்டால் ஏறிக்கொண்டே இருக்கும், சுகம்தான். ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிப் பார்க்க அங்கே இடமே கிடைக்காது. திருகுவதற்குள் அடுத்த வளைவு வந்து பிரேக்கில் கை போய்விடும். 400ல் கதை வேறு. 3000 ஆர்பிஎம்முக்கு (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) கீழே விட்டால் இருமும், அதனால் வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைக்க வேண்டும், வளைவைத் தாண்டி நன்றாகத் திருகினால் சீறிக்கொண்டு போகும். ஓட்டுகிறவனுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். கிளாசிக் 4000 ஆர்பிஎம்மிலேயே தன் முழு டார்க்கான 27 நியூட்டன் மீட்டரையும் கொடுத்துவிடும், அதனால் அலட்டாமல் ஏறும். அவசரப்படுத்தினால் மட்டும் கேட்காது.

எடையின் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இடதுபக்க வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கும்போது பாருங்கள். டிரைவர் அகலமாக ஒடித்துத் திருப்பினாலும் பஸ்ஸின் பின்பாதி நம் பக்கம்தான் வரும். ஏற்றத்தில், வளைவுக்கு நடுவிலேயே நின்றாக வேண்டும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கிறது, ஊன்ற இடது கால்தான். ரோடோ உள்பக்கம், அதாவது இடது பக்கம், சரிந்திருக்கும். கால் தரையைத் தேடும், கிடைத்தால் அங்கே ஜல்லிப் பொடியோ ஈரச் சருகோ கிடக்கும். 180 கிலோவை அந்தச் சாய்வில் ஒற்றைக் காலில் பிடித்துவிடலாம். 217 கிலோவை, பின்னால் ஆளும் உட்கார்ந்திருக்கும்போது பிடிப்பது தனி வித்தை. நண்பன் ஆறடிக்காரன், அவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நான் ஐந்தரை அடி.

இன்னொன்று, ஏற்காடு இருப்பது சுமார் 1500 மீட்டர் உயரத்தில். காற்றின் அடர்த்தி குறைவதால் எந்த என்ஜினுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். பெட்ரோலைத் தானே அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும், காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? 20 பிஎஸ் வண்டியில் இரண்டு பேர் போனால் இது தெரியும், மற்ற இரண்டிலும் பெரிதாகத் தெரியாது.

சேலம் டவுனுக்குள் பெரிய விவாதம் தேவையில்லை. செவ்வாய்பேட்டைச் சந்துகளில் நுழைந்து திரும்பவும், சித்திரை வெயிலில் ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கவும் எடை குறைந்த வண்டிதான் லாயக்கு. இரண்டு சிலிண்டர் சூடு தொடையில் ஏறும்போது நம்மையே நாம் திட்டிக்கொள்வோம்.

650 ஆசை எனக்கு வருவது உளுந்தூர்பேட்டை ரோட்டில், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம். முன்னால் லாரி 70ல் போகிறது, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை. லாரியைத் தாண்ட 70லிருந்து 95க்குச் சட்டென்று போக வேண்டும். 400ல் ஒரு கியர் குறைத்து, முறுக்கி, அது கத்திக்கொண்டே தாண்டும். தாண்டிவிடும், குறையில்லை. 650ல் கியரைத் தொடவே வேண்டாம். பெங்களூரு போகும்போது தொப்பூர் ஏற்றத்திலும் இதே கதை. 100க்கு மேல் தொடர்ந்து போனால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வு கால் வைக்கும் இடத்தில் நமநமவென்று வந்துவிடும். ஆனால் நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு 2018ல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பே 80தான். அதற்குள் ஓட்டினால் மூன்று வண்டியும் ஒன்றுதான். (மூன்றிலும் பின்னால் உட்கார்ந்து பார்த்த என் மனைவியின் ஓட்டு கிளாசிக் சீட்டுக்கு. என் வண்டிக்கு மூன்றாம் இடம்.)

காசு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதைத் தாண்டினால் 40%. அதாவது 400ம் 650ம் ஒரே வரிக் கூண்டில். கையைக் கடிக்கிறது என்றால் 350க்கு இறங்குவதில்தான் மிச்சம் இருக்கிறது. அப்படி இறங்கினாலும் மலை உங்களைக் கைவிடாது, அவசரத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

மாதத்தில் பாதி நாள் ஹைவேயில் இருப்பவர் என்றால் 650 வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்ன கணக்குக்கு 400 போதும். டெஸ்ட் ரைடு என்று கேட்டால் பக்கத்துத் தெருவைச் சுற்றி வரச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஏற்காட்டு ரோட்டில் கோரிமேடு தாண்டி, முதல் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவாவது ஏறி இறங்க விடச் சொல்லுங்கள். விட மாட்டேன் என்றால் அடுத்த ஷோரூம்.