வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிய இயக்குநர் சபை வந்திருக்கிறது. பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்விப்படி யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் 24 வீட்டு மாடிக் குடியிருப்பு, ஏழு பேர் கொண்ட புதிய சபை, முகாமையாளரும் புதியவர்.

முழுநாள் கருத்தரங்கு மட்டும் வைக்காதீர்கள். காலையில் விளக்கேற்றல், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ் என்று முடிந்துவிடும். இரண்டு மணித்தியாலம் வீதம் ஆறு பின்னேரங்கள் போதும். (நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் தவிருங்கள், ஒருவரும் வரமாட்டார்கள்.) ஏழு கூட்டுறவுக் கொள்கைகளையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, உங்கள் சங்கத்தின் கோவைகளையும் கட்டடத்தையும் பாடப்புத்தகமாக எடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சபைக்கு வருபவர்களில் பலர் கடை நடத்தும் பலநோக்குச் சங்கத்திலோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்திலோ பழகியவர்கள். இருப்பெடுக்கவும் கடன் அறவிடவும் நன்றாகத் தெரியும். வீட்டுச் சங்கத்தில் விற்கச் சரக்கில்லை. இருக்கிற ஒரே சொத்து கட்டடம், அது ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் தேயும். சபை சில வருடத்தில் மாறிவிடும், மேல்தட்டு ஒழுகத் தொடங்குவது அதற்குப் பிறகு. அதனால் மாதக் கட்டணத்தைக் கூட்டாமல் காலத்தை ஓட்டிய சபைக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். பயிற்சி உடைக்க வேண்டியது இந்தப் பழக்கத்தை.

முதல் பின்னேரம் கதிரையில் இருத்தாமல் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். மோட்டர் அறை, மேல் தாங்கி, மின் பலகை, கிணறு, மலசலகூடக் குழி. ஒவ்வொன்றும் எப்போது போட்டது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். கிணற்றையும் குழியையும் பார்க்கும்போது சற்று நில்லுங்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல், குழியில் இருந்து கசிவது நிலத்தடி நீரில் சேரும். அப்படிச் சேரும் நைத்திரேற்று குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தண்ணீர்ப் பரிசோதனைச் செலவை வருடாந்தப் பாதீட்டில் தனி வரியாகவே போடப் பழக்குங்கள்.

அந்தத் தாள்களை வைத்துத்தான் இரண்டாம் பின்னேரக் கணக்கு. பயிற்சிக்காக இப்படி வையுங்கள்: மோட்டர் 150,000 ரூபா, எட்டு வருடம், மேல்தட்டு நீர்த்தடுப்பு 900,000, பத்து வருடம், வெளிப்பூச்சு 1,200,000, ஆறு வருடம், பிரதான வயரிங் 1,000,000, இருபது வருடம். ஒவ்வொன்றையும் அதன் ஆயுளால் பிரித்துக் கூட்டினால் வருடத்துக்கு 358,750 ரூபா. 24 வீட்டுக்கும் 12 மாதத்துக்கும் பிரித்தால் வீடொன்றுக்கு மாதம் ஏறத்தாழ 1,246. துப்புரவு, மின்சாரம், சம்பளம் எல்லாம் இதற்கு மேலே. உங்கள் சங்கம் இப்போது இதற்கென்று எவ்வளவு ஒதுக்குகிறது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 2022இல் சாமான் விலை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்குமே, ஆகவே கூறுவிலைகளை வருடாவருடம் புதிதாக எடுத்து இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

மூன்றாவது, சபைக்கும் முகாமையாளருக்கும் இடையிலான எல்லை. சபை தீர்மானிக்கும், முகாமையாளர் செய்வார், சபை சரிபார்க்கும். உறுப்பினர் ஒருவர் தனியாகப் போய்க் காவலாளிக்கோ மேசனுக்கோ உத்தரவு போட முடியாது. செலவு அதிகாரத்தை எழுத்தில் வையுங்கள். உதாரணமாக 25,000 வரை முகாமையாளர், 100,000 வரை தலைவரும் பொருளாளரும் சேர்ந்து, அதற்கு மேல் மூன்று கூறுவிலையோடு சபைத் தீர்மானம். இங்கே ஒரு பயிற்சி கட்டாயம் செய்யுங்கள். ஒரே மேசன், ஒரே கிழமை, அடுத்தடுத்த இலக்கம், ஒவ்வொன்றும் 22,500 ரூபா என்று நான்கு வவுச்சர்களைத் தயாரித்து மேசையில் போட்டு, என்ன பிழை என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் 90,000 ரூபா வேலையைத் தலைவருக்கும் பொருளாளருக்கும் காட்டாமல் துண்டாக்கியது தெரியும். கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலையை லாச்சிக்குள் விட்டுப்போகும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள்.

நான்காவது, கூட்டறிக்கை. அதை எழுதுவதை ஒருவரும் பாடமாக நினைப்பதில்லை. 'மோட்டர் திருத்துவது பற்றி ஆராயப்பட்டது' என்று எழுதினால் ஆறு மாதத்துக்குப் பிறகு அதில் எதுவும் இராது. 'புதிய மோட்டர் 150,000 ரூபாவுக்கு மேற்படாமல் வாங்குவது, பொறுப்பு முகாமையாளர், 30ஆம் திகதிக்கு முன், பணம் ஒதுக்கநிதியிலிருந்து' என்றால் கணக்காய்வாளரும் கேள்வி கேட்கமாட்டார். தீர்மானத்தால் ஆதாயம் பெறுகிறவர் சபையில் இருந்தால் அவர் எழுந்து வெளியே போனதையும் எழுத வேண்டும்.

ஐந்தாவது, நிலுவை அறவீடு. எங்கள் ஊரில் இதுதான் கஷ்டமானது. கட்டாதவர் தலைவரின் மச்சானாக இருப்பார், இல்லையென்றால் செயலாளரைப் படிப்பித்த ரீச்சர். ஆகவே சபைக்கு வரும் பட்டியலில் பெயர் வேண்டாம், வீட்டு இலக்கம் மட்டும் போதும். முதல் மாதம் ஞாபகக் கடிதம், இரண்டாம் மாதம் நேரில் கதைத்துத் தவணை ஒழுங்கு, மூன்றாம் மாதம் உபவிதிப்படி சபைத் தீர்மானம். எல்லா வீட்டுக்கும் அதே ஒழுங்கு. அடுத்த படிகளை விளங்கப்படுத்த மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உத்தியோகத்தரை அந்தப் பின்னேரம் அழையுங்கள். சட்ட விளக்கம் கேள்வியோடு வந்தால்தான் மனதில் நிற்கும்.

முகாமையாளருக்குப் புறம்பாக இரண்டு அமர்வு வேண்டும்: மாத முடிவில் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் இணக்குவது, பற்றுச்சீட்டு இலக்கம் விடுபடாமல் பார்ப்பது, கையில் வைக்கும் காசுக்கு எல்லை, திருத்த வேலைப் பதிவேடு. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் இதை வடிவாகச் சொல்லிக் கொடுப்பார்.

ஆறாம் பின்னேரம் முகாமையாளரைக் கூப்பிடாதீர்கள். இரவு ஏழு மணி, மோட்டர் எரிந்துவிட்டது, முகாமையாளர் லீவில் கொழும்பில் என்று சொல்லிவிட்டுச் சபையைக் கேளுங்கள்: பிரதான வால்வு எங்கே, யாரைக் கூப்பிடுவது, பவுசர் தண்ணீருக்குக் காசு எந்தக் கணக்கில், காசோலையில் யார் யார் கையெழுத்து? பதில் வராதவற்றை அப்படியே எழுதி அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் போடுங்கள்.